முற்றமா, கராஜா?

மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் என்ற பெருமை எங்களுக்கு இன்னும் தீரவில்லை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் லேசில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வராத காலம் தொடங்கியது. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்று வெள்ளைக்காரன் செய்த பழைய கார்கள் அப்போது மண்ணெண்ணெயில் ஓடின. மருந்துப் போத்தலில் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு என்ஜினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கார் ஒழுங்கைக்குள் திரும்ப முன்னமே அதன் மணம் வீட்டுக்குள் வந்துவிடும். அப்படி ஓட்டிய தலைமுறைக்கு கராஜில் காசு கொடுப்பது இன்றும் ஒரு தோல்வி மாதிரித்தான். "எங்கட கார் எங்களுக்குத் தெரியாதே? ஒரு ஒயில் மாத்திறதுக்கும் ஆளுக்குக் காசோ?"

நானும் அந்தக் கட்சியில் நெடுங்காலம் இருந்தவன். இப்போது விலகிவிட்டேன். எதிர்க்கட்சியில் முழுதாகச் சேரவும் இல்லை. ஏன் என்று கணக்குக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பெருமையையே விசாரிக்க வேண்டும். மொறிஸ் மைனரின் பொனற்றைத் திறந்தால் என்ஜினைச் சுற்றிக் கை போக இடம் தாராளமாக இருக்கும். கொன்ராக்ற் பொயின்றின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, வால்வு இடைவெளி பன்னிரண்டு பங்கு. இந்த இரண்டு எண்ணும் ஒரு தகட்டு அளவியும் நாலு ஸ்பனரும் இருந்தால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் காரைத் தானே சரிபார்க்கலாம். பார்த்தார்கள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை முன்சில்லின் மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிக்க வேண்டும் என்று கைந்நூலே சொன்னது. அந்தக் கார் வீட்டுக்காரனை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. ஆகவே அன்று எங்களிடம் இருந்த திறமையில் பாதி எங்களுடையது, மீதிப்பாதி அந்தக் காருடையது.

மண்ணெண்ணெய் என்ஜினுக்குள் என்ன செய்தது என்பதை இந்தப் பெருமைக்கதை சொல்வதில்லை. மண்ணெண்ணெய் பெற்றோல் போல ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டவர்களும் இருந்தார்கள். நீர்த்த ஒயில் பெயரிங்கைத் தின்றது. வீட்டுவேலையின் பொற்காலம் என்று நாங்கள் கொண்டாடுவது என்ஜின்களின் சாக்காலம். தேய்ந்த என்ஜினை மறுபடி ஓடவைத்தது முற்றம் இல்லை. கடைச்சல் பட்டறையும் கராஜும்தான். இல்லாத உதிரிப்பாகத்தை இரும்பில் கடைந்து கொடுத்த அந்த மனிதர்கள் பெயரில்லாமல் போய்விட்டார்கள். கதை மட்டும் கார் சொந்தக்காரர்களிடம் தங்கிவிட்டது.

தட்டுப்பாடு கற்றுத்தந்த வித்தையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேறு வழியில்லாதபோது செய்ததை, வழி இருக்கும்போதும் செய்ய வேண்டியதற்கு ஆதாரமாகக் காட்ட முடியாது.

இன்றைய கார் வேறு. 2009இல் ஏ9 பாதை திறந்தபின் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் அக்சியோ, விட்ஸ், அக்குவா, வகன் ஆர், அல்ரோ என்று யப்பான் வண்டிகளும் இந்திய வண்டிகளும் நிரம்பின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய கார் வயது போகப் போக விலை ஏறிய அதிசயத்தைப் பார்த்தோம். தடை நீங்கினாலும் வரி சாதாரண ஆளுக்கு எட்டுவதாயில்லை. கையில் இருக்கிற காரை இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் நிலை. அதனால் யார் கையில் அதைக் கொடுப்பது என்பது முன்னைவிடப் பாரமான கேள்வி.

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அது சின்னக் கணக்கு. அக்சியோவின் 1500 சிசி என்ஜினுக்கு பில்ரரோடு சேர்த்து 3.7 லீற்றர் ஒயில் போகும். நாலு லீற்றர்க் கலன் ஒன்று, ஒயில் பில்ரர் ஒன்று, வடிகால் ஆணிக்கு ஒரு வாசர். இவற்றை நான் வாங்கினாலும் கராஜ்காரர் வாங்கினாலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். 2022இல் ரூபா விழுந்தபோது ஏறிய விலையும் இதில்தான் ஏறியது. பில்லில் கூலி என்ற வரி மிகச் சிறியது. முற்றத்தில் செய்தால் மிச்சமாவது அந்த ஒரு வரி மட்டுமே. அதற்கு ஈடாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலும், ஜக்கும், தாங்கியும், பில்ரர் கழற்றும் சாவியும், ஒரு சேட்டும் போகும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த என் மச்சான் இதை ஒப்பவில்லை. அங்கே தன் காரை அவர்தான் பார்க்கிறார். "கராஜில விட்டால் மணித்தியாலக் கூலியிலேயே ஆள் முடிஞ்சுது" என்றார். அவர் சொன்னது அவருடைய ஊருக்குச் சரி. அங்கே பொருள் மலிவு, மனித நேரம் விலை. இங்கே தலைகீழ். இன்னொன்றையும் அவர் போகிறபோக்கில் சொன்னார்: கழிவு ஒயிலைக் கலனில் ஊற்றி நகரசபையின் மீள்சுழற்சி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாராம். அந்த வசனத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

காசு காரணமில்லையென்றால் எங்கள் ஆட்கள் ஏன் தாங்களே செய்கிறார்கள்? நம்பிக்கையீனம். இதுதான் முற்றக் கட்சியின் உண்மையான வாதம், இதில் வலு இருக்கிறது. ஒருமுறை ஒரு கராஜில் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பின்னேரம் பில்லில் காற்று பில்ரர் மாற்றியதாக ஒரு வரி. வீட்டில் வந்து பெட்டியைத் திறந்தால், கிளிப்பைத் தட்டினால் திறக்கும் பெட்டிதான், போன மாதம் நான் பார்த்த அதே வேப்பிலைக் காம்பு அதே மடிப்பில் செருகிக் கிடக்கிறது. புது பில்ரர் எங்கள் வேப்பமரத்தின் காம்போடு யப்பானிலிருந்து வர வழியில்லை. இப்படி ஒரு கதை இல்லாத கார்க்காரர் குடாநாட்டில் குறைவு. போலி ஒயில், தேவையில்லாத 'என்ஜின் கழுவல்', திருகி இறுக்கி வழுக்கிப்போன ஆணி எல்லாம் உண்டு.

ஆனால் அந்த நோய்க்கு மருந்து காருக்குக் கீழே நாமே படுப்பதுதானா? எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு நடைமுறை இருக்கிறது. கௌரவக் குறைச்சலாக நினைத்துப் பலர் செய்வதில்லை. ஒயிலையும் பில்ரரையும் நமக்குத் தெரிந்த கடையில் முத்திரை உடைக்காமல் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுப்பது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்பது. கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குவது. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்கமாட்டார். ஸ்ரூல் போட்டு இருக்கச் சொல்லுவார், தேத்தண்ணியும் சொல்லுவார். கோபிக்கிறவர் யாரென்று தெரிந்துகொள்வதும் லாபம்தான். என் வேப்பிலைக் காம்புக்குப் பாதிக் குற்றவாளி நான். அன்றைக்கு நான் அங்கே நிற்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. காரோடு வரும் ஜக் சில்லு மாற்றுவதற்கு. அதை நம்பிக் கீழே படுப்பது தற்கொலைக்கு ஒத்திகை. எங்கள் செம்மண் முற்றம் கோடையில் கல்லு மாதிரி இருக்கும். இரண்டு மழை விழுந்தால் ஜக்கின் கால் அதற்குள் மெல்ல இறங்கும். சீமெந்துக் கல்லை முண்டு கொடுக்கிற வழக்கம் இன்னும் மோசம், அது சொல்லாமல் நொறுங்கும். பிறேக்கும் இதே கணக்குத்தான். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிப்பது, ஈரம் ஏறியபின் 140இலேயே கொதிக்கலாம் என்பது அதன் தரநிர்ணயம். கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த ஊரில் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மாற்றும்போது குழாய்க்குள் ஒரு குமிழி மிஞ்சினால் பிறேக் மிதி தரைக்குப் போகும், எங்கே வைத்துப் போகும் என்று சொல்ல முடியாது. ஹைபிறிட் என்றால் பேச்சே வேண்டாம். அக்குவாவின் பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கும் பற்றரி 144 வோல்ற், இன்வேட்டர் அதை 520 வரை ஏற்றும். செம்மஞ்சள் வயரைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

கராஜின் பக்கம் நிற்கும் இன்னொரு காரணத்தை அந்தக் கட்சிக்காரரே சரியாகச் சொல்வதில்லை. காரைத் தூக்கி வைத்துக் கீழே நிற்கும் அனுபவசாலியின் கண்தான் கராஜில் உண்மையாக விற்கப்படும் சரக்கு. ஒயில் மாற்றுவது அதற்கொரு சாட்டு. கிழிந்துபோன ரப்பர் உறை, கசியும் சீல், பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் தினம் போய்வரும் காரின் அடித்தகட்டில் உப்புத் தின்ற இடம் எல்லாம் கீழே நின்றால் மட்டும் தெரியும். மல்லாக்காகப் படுத்துக்கொண்டு மூக்குக்கு மேலே ஓரடி இடைவெளியில் ஒயில் ஆணியைத் தேடுகிறவனுக்கு ஆணி மட்டுமே தெரியும். இந்தக் கண் படிப்பால் மட்டும் வருவதில்லை, படிப்பில்லாமலும் இனி வராது. கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியிலும், கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலும் படித்த பிள்ளைகள் இப்போது கராஜ்களில் நிற்கிறார்கள். கணினியைக் காரில் பூட்டிப் பிழைக் குறியீட்டை வாசிக்க அவர்களுக்குத் தெரியும். தொலைபேசியோடு இணையும் ஒரு சின்னக் கருவி வாங்கினால் அந்தக் குறியீட்டை நானும் வாசிக்கலாம், வாசித்தும் இருக்கிறேன். காய்ச்சல்மானி வாங்கியவன் வைத்தியன் ஆகாததுபோல, அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

இவ்வளவும் சொன்னபிறகு முற்றத்துக்கு என்ன மிஞ்சும்? நிறைய. சில வேலைகளில் கராஜைவிட வீடே சிறந்தது. காரோடு தினம் இருக்கிறவர் வீட்டுக்காரர்தான். றேடியேற்றர் அதற்கு நல்ல உதாரணம். குடாநாட்டில் தேநீர்க் கேத்தலின் அடியைப் பார்த்தவருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்ன செய்யும் என்று விளக்க வேண்டாம். கேத்தலில் படியும் அதே வெள்ளைச் சுண்ணப் பொருக்கு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அவசரத்துக்கு ஒருநாள் ஊற்றியது குற்றமில்லை. ஆனால் மட்டம் குறையும்போதெல்லாம் வாளியால் அள்ளி ஊற்றியே என்ஜினைச் சூடாக்கிக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறை, என்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில், கூலன்ற் மட்டத்தை வீட்டுக்காரர் பார்த்து, குறைந்தால் அதற்குரிய திரவத்தை அல்லது காய்ச்சி வடித்த நீரை விடவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரைப் பார்க்கும் கராஜ்காரரால் இது ஏலாது.

காற்று பில்ரரும் அப்படி. கோடையில் தோட்டப்பக்கப் பாதைகளில் எழும் செம்மண் புழுதி கைந்நூல் எழுதிய யப்பான்காரர் கண்டிராதது. அவர் எழுதிவைத்த தூரத்துக்கு முன்னமே அது அடைத்துவிடும். பெட்டியைத் திறந்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க ஸ்பனரே தேவையில்லை. வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போகமுன் இதைச் செய்தால் ஓர் அலைச்சல் மிச்சமாகலாம். ஹைபிறிட் பற்றரிக்குக் காற்று எடுக்கும் துவாரத்தை, பின் ஆசனத்தருகே இருக்கும் அந்தச் சின்னச் சல்லடையை, தூசு தட்டி வைப்பதும் வீட்டுவேலையே. அதில் உடுப்புப் பையைச் சாய்த்து வைத்து மூடிவிட்டு பற்றரி சீக்கிரம் செத்துப்போச்சு என்று அழுகிறோம். ரயர்க் காற்று, பற்றரி முனையில் பூக்கும் வெண்பூ, வைப்பர் றபர், லைற், பிறேக் திரவத்தின் மட்டம், காலையில் கார் நின்ற இடத்தில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்ற ஒரு பார்வை. இவற்றுக்குக் கராஜில் காசு கொடுப்பதுதான் வீண்.

இதுவரை பார்த்தால் தராசு ஓரளவு சமமாகவே ஆடுகிறது. கவனமும் கருவியும் உள்ள ஒருவர், நல்ல தாங்கி வைத்து, சீமெந்துத் தரையில், தானே ஒயில் மாற்றினால் காருக்கு ஒரு குறையும் வராது. கராஜைவிடச் சுத்தமாகவும் செய்யலாம். என்னைக் கட்சி மாற வைத்தது காருக்குள் நடந்த எதுவும் இல்லை, காருக்குக் கீழே இருக்கும் கல்.

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். ஒயில் மாற்றிவிட்டு, வடித்த கறுப்பு ஒயிலைப் பழைய பேசினில் முருங்கைக்குக் கீழே வைத்தேன். யாராவது கேட்டால் கொடுக்கலாம், மரங்களுக்குப் பூசினால் கறையான் வராது என்று வாங்குகிறவர்கள் உண்டு. அன்றிரவு மழை பிடித்தது. வடகீழ்ப் பருவமழை தெரியும்தானே, விடியவிடிய அடித்தது. பேசினில் மழைத்தண்ணீர் நிரம்ப நிரம்ப, ஒயில் மேலே மிதந்து, விளிம்பால் வழிந்து, ஒரு துளி மிஞ்சாமல் வெளியே போயிருந்தது. காலையில் பேசினுக்குள் இருந்தது தெளிந்த தண்ணீர். முற்றத்து வெள்ளத்தில் வானவில் நிறத்தில் ஒரு படலம் முருங்கையடியிலிருந்து கிணற்றுக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போனார்.

எங்கள் வளவில் மூன்றடி வெட்டினால் மண்வெட்டி கல்லில் தட்டும். அந்தச் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் பொந்துமாக இருக்கும், மேலே விழுந்த மழையைத் தடையில்லாமல் கீழே விடும். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஓடுவது. நாங்கள் குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பது பெரும்பாலும் அந்தக் கல்லுக்குள் தங்கும் மழைநீர். உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய போர்வையாக நல்ல தண்ணீர் கிடக்கிறது. நிலாவரைக் கிணற்றில் ஆழம் போகப்போகத் தண்ணீர் உவர்ப்பது அதனால்தான். நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று சின்ன வயதில் கதை கேட்டிருக்கிறோம். தேசிக்காய் போனதோ இல்லையோ, நிலத்துக்கடியில் எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்திருக்கிறது என்று ஊர் அறிந்துவைத்திருந்தது.

அதைச் சுன்னாகம் நிரூபித்தது. மின் உற்பத்தி நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் ஒயில் படலம் மிதந்து, 2014, 2015 காலத்தில் சனம் சொந்தக் கிணற்றை வைத்துக்கொண்டே பவுசர்த் தண்ணீருக்குக் காத்துநின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அந்த நிலையத்தை நடத்திய மின் நிறுவனம் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஒரு மின்நிலையமும் உன்னுடைய பேசினும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லைத்தான். ஆனால் கழிவு ஒயில் புதிய ஒயில்போல இல்லை. எரிந்த கரியும் தேய்ந்த உலோகமும் கலந்து நஞ்சு கூடியது. அது போய்ச்சேரும் கிணறு பத்துப் பாகத்துக்குள் இருக்கிறது. அந்தக் கிணறு என்னுடையது. மச்சானின் லண்டன் வசனத்தை இங்கேதான் எடுக்க வேண்டும். அவர் தானே ஒயில் மாற்றுவது நியாயமாவதற்கு, வடித்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருப்பதே காரணம். என் ஒழுங்கைக்குக் கிட்ட எனக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கராஜ் மட்டும் கல்லில் இல்லையா? அவர்களும் பின்வளவில் ஊற்றினால்? ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கராஜ் என்ற பெயர்ப்பலகை ஒயிலைச் சுத்தமாக்காது. வித்தியாசம் அளவில் இருக்கிறது. வருடத்துக்கு எட்டு லீற்றர் வைத்திருக்கும் என்னிடம் வந்து வாங்க வாகனம் வராது. பரல் கணக்கில் சேர்க்கும் கராஜின் கழிவு ஒயிலுக்குக் காசு கொடுத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது உலைக்கு எரிபொருள். கராஜ்காரருக்கு அதைச் சேர்த்துவைப்பது லாபம், எனக்குத் தொல்லை. அதோடு வாகன சேவிஸ் நிலையம் நடத்த மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சட்டப்படி சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். அதனால் யாரிடமாவது போய்க் கேட்க முடியும். என் முருங்கையடியை யாரும் வந்து கேட்கமாட்டார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. குடாநாட்டில் பார்க்கிற வேலை வீட்டுக்கு, வடிக்கிற வேலை கராஜுக்கு. ஒயில், கூலன்ற், பிறேக் திரவம், கியர்ப்பெட்டித் திரவம் எதுவும் முற்றத்தில் வடிக்கப்படக்கூடாது. கைத்திறமை எவ்வளவு இருந்தாலும் சரி, தரைக்குச் சீமெந்து போட்டிருந்தாலும் சரி. சீமெந்து மழையை நிறுத்தாது. மற்றதெல்லாவற்றையும் நீங்களே பாருங்கள், கிழமைக்குக் கிழமை பாருங்கள். கராஜுக்குப் போகும்போது ஒயிலை நீங்களே வாங்கிக்கொண்டுபோய், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கூலி எவ்வளவு என்று கேட்கமுன் ஒன்று கேளுங்கள்: "அண்ணை, கழிவு ஒயிலை என்ன செய்யிறனீங்கள்?" பரலைக் காட்டினால் காரை ஏற்றுங்கள். பின்வளவைக் காட்டினால் திருப்பிக்கொண்டு வாருங்கள்.